‘தானாக’ என்ற சொல்லை நம்பலாமா?

பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் காலைப் பொழுதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அண்ணன் கையில் கைபேசி. அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நீங்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறார். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பொத்தானை அழுத்தியாயிற்று. திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கம் திறக்கவில்லை. மறுபடியும் அழுத்துகிறீர்கள். பக்கத்து வீட்டிலும் அதே கதைதான். தேறவில்லை போலும் என்று எண்ணி அழத் தொடங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மதிப்பெண் நன்றாகவே இருக்கும்!

பிள்ளைகளை அழவைத்தது எது? ஆண்டு முழுவதும் ஆளரவமற்றுக் கிடக்கும் ஒரு கணிப்பொறியின் வாசலில், ஒரே நிமிடத்தில் பல்லாயிரம் பேர் வந்து நின்றதுதான்.

“இதற்குத்தான் இப்போது ஆட்டோ ஸ்கேலிங் வந்துவிட்டதே! கூட்டம் வந்தால் கணிப்பொறிகள் தாமாகவே பெருகும். கூட்டம் கலைந்தால் தாமாகவே குறையும். மனிதர் தொடவே வேண்டியதில்லை” என்று கல்லூரியில் கணிப்பொறி படிக்கும் உங்கள் அக்கா சொல்லக்கூடும். அவர் சொல்வதில் முதற்பகுதி உண்மை. கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை. ஏன் உடன்பாடில்லை என்பதை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

வாடகை அண்டா

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். நாம் கேட்கும் பக்கத்தை எடுத்துத் தரும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். முன்பெல்லாம் ஒரு நிறுவனத்துக்குச் சர்வர் வேண்டுமானால் விலைக்கு வாங்கி, குளிரூட்டிய அறையில் வைத்து, ஆள் போட்டுக் காக்க வேண்டும். இன்று வாடகைக்கு எடுக்கலாம். கல்யாண வீட்டுக்காரர் ஆயிரம் பேருக்குச் சமைக்க அண்டாக்களை விலைக்கு வாங்குகிறாரா? பாத்திரக் கடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, காரியம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறார். அது போலத்தான் இதுவும். மேகக் கணிமை என்ற கவிதைப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த வாடகைக் கடைதான்.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2006 ஆகஸ்டில் இந்தக் கடையைத் திறந்தபோது, ஒரே ஒரு ரகச் சர்வர்தான் கிடைத்தது. 1.75 ஜிபி நினைவகம். மணிக்கு 10 சென்ட் வாடகை. இன்று உங்கள் கையிலுள்ள சாதாரணக் கைபேசியிலேயே அதைவிடக் கூடுதல் நினைவகம் இருக்கும். ஆனாலும் அது ஒரு பெரும் மாற்றத்தின் தொடக்கம். 2008 ஏப்ரலில் அனிமோட்டோ என்ற சிறு நிறுவனம், புகைப்படங்களை இசையோடு கோத்துப் படமாக்கித் தரும் தன் சேவையை ஃபேஸ்புக்கில் வெளியிட்டது. கூட்டம் அலைமோதியது. மூன்றே நாட்களில் அவர்கள் பயன்படுத்திய சர்வர்கள் 50-இலிருந்து ஏறத்தாழ 3,500 ஆயின! சொந்தமாக வாங்குவதாயிருந்தால் அத்தனையையும் லாரியில் ஏற்றி இறக்குவதற்கே மூன்று நாள் போதாது.

2009 மே மாதத்தில் அமேசான் ஆட்டோ ஸ்கேலிங் என்ற வசதியை எல்லார்க்கும் தந்தது. அதன் இயல்பு மிக எளிது. எப்போதும் குறைந்தது இத்தனை சர்வர் இருக்கட்டும். எக்காரணம் கொண்டும் இத்தனைக்கு மேல் போக வேண்டாம். சராசரி வேலைப்பளு 70 விழுக்காட்டைத் தாண்டினால் ஒன்று சேர், 30-க்குக் கீழே இறங்கினால் ஒன்றை நீக்கு. இப்படி நாம் எழுதிக் கொடுத்துவிட்டால், அது நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கும். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் பொருத்திய வேகச் சீராக்கியின் பேரப்பிள்ளை இது என்று சொல்லலாம். எந்திரம் விரைந்தால் சுழலும் குண்டுகள் மேலெழுந்து நீராவியைக் குறைக்கும். தளர்ந்தால் கீழிறங்கி நீராவியைக் கூட்டும். அந்தச் சீராக்கி சரியாக அமையாவிட்டால் எந்திரம் ஒருமுறை மிக விரைவாகவும் மறுமுறை மிக மெதுவாகவும் ஓடித் தத்தளிக்கும் என்பதை மாக்ஸ்வெல் 1868-இல் கணிதத்தால் ஆராய்ந்து காட்டினார். நம் கதையிலும் அந்தத் தத்தளிப்பு வரும்.

ஒன்று சேர் என்று எழுதினோம் அல்லவா? எதை ஒன்று சேர்ப்பது? இங்கேதான் ரகம் என்ற கேள்வி எழுகிறது. இன்று வாடகைக் கடையில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உள்ளன. எம்5 லார்ஜ் என்ற ரகத்தில் 2 செயலி, 8 ஜிபி நினைவகம். சி5 லார்ஜில் அதே 2 செயலிக்கு 4 ஜிபிதான். கணக்குப் போடும் வேலைக்கு ஏற்றது. ஆர்5 லார்ஜில் 16 ஜிபி. நிறைய விவரங்களை நினைவில் வைத்திருக்க வேண்டிய வேலைக்கு உகந்தது. ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்த அளவுக்குப் போகப் போகப் பெரும்பாலும் செயலியும் நினைவகமும் இரட்டிக்கும், வாடகையும் இரட்டிக்கும். எட்டு சிறியவற்றுக்குக் கொடுக்கும் வாடகையும், அவற்றுக்கு ஈடான ஒரு பெரியதற்குக் கொடுக்கும் வாடகையும் ஒன்றே.

அப்படியானால் எதை எடுத்தால் என்ன?

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தவசிப்பிள்ளை என்று அழைக்கப்படும் கல்யாணச் சமையல்காரரைக் கேளுங்கள். பத்துப் படி அரிசி வேகும் ஒரே அண்டாவும் இரண்டு படித் தவலைகள் ஐந்தும் ஒன்றா என்று கேட்டால் சிரிப்பார். அண்டா அடிப்பிடித்தால் பந்தி முழுவதும் போயிற்று. தவலை ஒன்று அடிப்பிடித்தால் ஐந்தில் ஒரு பங்குதான் நட்டம். ஆனால் ஐந்து தவலைக்கு ஐந்து அடுப்பு, ஐந்து கரண்டி, நின்று கிளற ஆட்கள். அடுப்படியில் இடம் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை நினைவில் வையுங்கள்.

அளவுக்கும் ஆணைக்கும் உள்ள உறவு

பெரிய ரகத்தை எடுத்த ஒருவரைப் பார்ப்போம். அவரிடம் இரண்டே சர்வர்கள். சராசரி வேலைப்பளு 55 விழுக்காடு. ‘60-க்குக் கீழே இறங்கினால் ஒன்றை நீக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறார். தானியங்கி ஒன்றை நீக்குகிறது. மிஞ்சியிருக்கும் ஒன்றின் மேல் இப்போது 110 விழுக்காடு! மூச்சுத் திணறுகிறது. உடனே தானியங்கி இன்னொன்றைச் சேர்க்கிறது. அது தயாராவதற்கு ஒன்றிரண்டு நிமிடங்களாவது ஆகும். வந்ததும் மறுபடி 55. மறுபடி நீக்கம். மாக்ஸ்வெல் கணக்கிட்ட தத்தளிப்பு இதோ வந்துவிட்டது.

அதே மொத்தத் திறனைச் சிறிய ரகத்தில் 20 சர்வர்களாக வைத்திருந்தால்? ஒன்றை நீக்கியதும் பளு 55-இலிருந்து ஏறத்தாழ 58-க்குத்தான் ஏறும். எந்தக் குழப்பமும் இல்லை. ஆக, நீக்கு, சேர் என்னும் ஆணைகள் சரியா தவறா என்பதே எந்த ரகத்தை எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் தனித்தனியே முடிவு செய்வது, சட்டைத் துணி எடுக்கும் முன்பே தையல்காரரிடம் தைக்கச் சொல்லிவிட்டு வருவது போன்றது.

இதைவிட வேடிக்கையான ஒரு பொறியும் உண்டு. வேலைப்பளு என்று தானியங்கி பார்ப்பது பெரும்பாலும் செயலியின் பளுவை. ஆனால் உங்கள் வேலை நினைவகத்தைத் தின்னும் வேலையாக இருந்தால்? நினைவகம் நிரம்பிச் சர்வர் தடுமாறும்; செயலியோ 20 விழுக்காட்டில் ஓய்வாக இருக்கும். தானியங்கி எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நலம் என்று போய்விடும். அமேசானின் அளவைக் கருவி, நாமே ஒரு சிறு நிரலை நிறுவினாலன்றி, நினைவகத்தின் நிலையைப் பார்ப்பதே இல்லை.

டி2 மைக்ரோ என்ற மலிவு ரகத்தின் கதை இன்னும் நுட்பமானது. ஒரு செயலிதான். அதை எந்நேரமும் முழு வேகத்தில் ஓட்ட முடியாது. மணிக்கு 6 புள்ளிகள் அதன் கணக்கில் சேரும். ஒரு புள்ளியைச் செலவழித்தால் ஒரு நிமிடம் முழு வேகம். 60 நிமிடத்தில் 6 நிமிடம், அதாவது 10 விழுக்காடு. அதுவே அதன் நிலையான வேகம். ஓய்வு நேரத்தில் புள்ளி சேர்த்து, வேலை வந்தால் செலவழிக்கிறது. உண்டியல் வைத்திருக்கும் பிள்ளையைப் போல.

இப்போது நெடுநேரம் கூட்டம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழு வேகத்தில் ஓடிய சர்வரின் உண்டியல் காலியாகிறது. வேகம் 10 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. வாசலில் மக்கள் காத்துக் கிடக்கிறார்கள். தானியங்கி எட்டிப் பார்க்கிறது. அளவைக் கருவி என்ன காட்டும்? செயலியின் பளு 10 விழுக்காடு! 30-க்குக் கீழ் வந்தால் ஒன்றை நீக்கச் சொல்லியிருக்கிறோம் அல்லவா? அது சொன்ன சொல் தவறாமல் நீக்கிவிடும். எரியும் வீட்டில் தண்ணீர்க் குடத்தை எடுத்து வெளியே வைப்பதைப் போன்ற செயல் இது. தானியங்கியின் மேல் குற்றமில்லை. அளவுகோலும் ரகமும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் எழுதியவர் மேல்தான் குற்றம். இவ்வகை ரகங்களில் வரம்பில்லா முறை என்று ஒன்று உண்டு. அதில் வேகம் குறையாது, கட்டணம் ஏறும். அப்படியாயின் அதையும் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதினேழு மணி நேரம்

“இவை கற்றுக்குட்டிகளின் தவறுகள், பெரியவர்கள் இப்படிச் செய்வார்களா?” என்று கேட்பீர்கள். 2020 நவம்பர் 25 அன்று நடந்ததைச் சொல்கிறேன். அமேசான் நிறுவனமே பின்னர் விரிவாக எழுதி வெளியிட்ட செய்தி இது.

அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் அமேசானின் கினீசிஸ் என்ற சேவை இயங்குகிறது. இடைவிடாமல் வந்து குவியும் விவரங்களை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அதன் முன்வரிசையில் பல்லாயிரம் சர்வர்கள். அவை ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பேசுவதற்கு, ஒவ்வொரு சர்வரும் மற்ற ஒவ்வொரு சர்வருக்காகவும் தன்னுள் ஓர் இழையை வைத்திருந்தது. இழை என்பது கணிப்பொறிக்குள் தனியே ஓடும் ஒரு சிறு வேலை ஓட்டம். இத்தனை இழைகள்தான் ஓடலாம் என்று ஒவ்வொரு கணிப்பொறியின் இயக்குதளத்திலும் ஒரு வரம்பு உண்டு.

உங்கள் வகுப்பில் 40 பேர் என்றால், ஒவ்வொருவரும் மற்ற 39 பேரோடு கைகுலுக்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால், அவர் ஒருவர் மட்டுமா கூடுதலாகக் கைகுலுக்குகிறார்? பழையவர் அனைவருக்கும் ஒரு கைகுலுக்கல் கூடுகிறது. மொத்தம் எத்தனை என்று சேர்மானக் கணக்கில் பார்த்தால் 10 பேருக்கு 45; 20 பேருக்கு 190; 1,000 பேருக்கு 4,99,500. ஆள் இரட்டித்தால் கைகுலுக்கல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

அன்று அதிகாலை, பசிபிக் கரை நேரப்படி 2.44 முதல் 3.47 வரை, அந்த முன்வரிசையில் கொஞ்சம் சர்வர்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் சேர்த்ததும் ஒவ்வொரு சர்வரிலும் இழைகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது. புதியவற்றில் மட்டுமன்று, எல்லாவற்றிலும்! அடுப்படியில் இடம் இருக்கிறதா என்று தவசிப்பிள்ளை கேட்பாரே, அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்த தருணம் அது. 5.15-க்கு எச்சரிக்கை மணிகள் ஒலித்தன. காரணம் இதுதான் என்று உறுதியானபோது மணி 9.39. சோதித்துப் பார்க்காமல் இழை வரம்பை உயர்த்த அவர்கள் துணியவில்லை. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. சேர்த்தவற்றை நீக்கி, மற்றவற்றை மணிக்குச் சில நூறு என்ற கணக்கில் மெல்ல மெல்ல மறுபடி இயக்கினார்கள். சேவை முழுவதும் சீரானபோது இரவு 10.23. எச்சரிக்கை ஒலித்த நேரத்திலிருந்து பதினேழு மணி நேரம்.

இதில் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டியவை இரண்டு உண்டு. சர்வர்களின் நிலையை அளந்து சொல்லும் கிளவுட்வாட்ச் என்ற கருவியும் கினீசிசையே நம்பி இருந்தது. ஆகவே அந்த வட்டாரத்தில் அன்று அளவைகள் சரிவர வரவில்லை. அளவை வராவிட்டால் ஆட்டோ ஸ்கேலிங் எதைக் கொண்டு முடிவெடுக்கும்? அந்த அளவைகளை நம்பியிருந்த பிற நிறுவனங்களின் தானியங்கிகள், மாலை 5.47-க்கு அவை மீளத் தொடங்கும் வரை தாமதித்துத் தடுமாறின.

மற்றொன்று, அவர்கள் தேடிய மருந்து. இன்னும் சர்வர்களைச் சேர்ப்பது மருந்தாகவில்லை. செயலியும் நினைவகமும் மிகுந்த பெரிய ரகத்துக்கு மாறி, சர்வர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது என்பதே அவர்கள் அறிவித்த உடனடி நடவடிக்கை. எண்ணிக்கை குறைந்தால் கைகுலுக்கலும் குறையும் அல்லவா? பழுதைத் தீர்த்தது ரகத் தேர்வு!

அன்றைய சேர்க்கை ஆட்டோ ஸ்கேலிங் செய்த தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆட்டோ ஸ்கேலிங் ஒவ்வொரு நாளும் ஆயிரம் இடங்களில் செய்வது இதே செயலைத்தான். ‘ஒன்று சேர்’ என்பது எப்போதும் நன்மையே என்று அது நம்புகிறது. அடுப்படியின் அளவு அதற்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

எதிர்க்கட்சியின் வாதம்

என் கருத்துக்கு எதிராகச் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்பதே முறை. ஒரு சாரார், “ஏன் இந்தத் தொல்லை? மிகப் பெரிய ரகமாக, வேண்டிய மட்டும் எடுத்து எப்போதும் ஓடவிடுங்கள்” என்பர். பணம் இருப்பவர் அப்படிச் செய்யலாம். ஆனால் மின்சாரம்? கூகுளின் பொறியாளர்கள் பரோசோ, ஹோல்சுலே இருவரும் 2007-இல் எழுதிய கட்டுரையில், சர்வர்கள் பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 விழுக்காடு மட்டுமே உழைக்கின்றன என்று காட்டினார்கள். சிக்கனமான சர்வர்கூட அநேகமாகச் சும்மா இருக்கும்போதே முழு மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் குடித்துவிடும் என்றும் சொன்னார்கள். அதற்குப் பின் வந்த சர்வர்கள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் வேலையற்ற சர்வர் மின்சாரமற்ற சர்வர் ஆகிவிடவில்லை.

இன்னொரு சாரார், “ரகம் என்ற பேச்சே பழசு. சர்வரே இல்லாத முறை 2014-இலேயே வந்துவிட்டது, நிரலை மட்டும் கொடுத்தால் போதும்” என்பர். அமேசானின் லாம்டாவைத்தான் சொல்கிறார்கள். அங்கேயும் நினைவகம் எவ்வளவு என்று நம்மைக் கேட்கிறார்கள். நினைவகத்துக்கு ஏற்பச் செயலியின் பங்கும் வருகிறது; 1,769 எம்பி கொடுத்தால் ஒரு முழுச் செயலிக்கு ஈடு. ரகம் என்ற பெயர் போயிற்று, கேள்வி போகவில்லை.

மூன்றாவது ஒரு வாதம் உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஒரே ரகத்தைப் பிடித்துக்கொண்டால், அந்த ரகம் கடையில் தீர்ந்துபோன நேரத்தில் தானியங்கி கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் என்பது அது. முகூர்த்த நாளில் பத்துப் படி அண்டா எல்லாம் வாடகைக்குப் போய்விட்டால் எட்டுப் படியாவது கொடுங்கள் என்று கேட்பதில்லையா? 2018 முதல் பல ரகங்களைக் கலந்து எழுதிக் கொடுக்க முடிகிறது. 2021 முதல் ரகத்தின் பெயரைச் சொல்லாமல், “இத்தனை செயலி, இத்தனை நினைவகம் உள்ள எதுவானாலும் சரி” என்றும் சொல்ல முடிகிறது. நல்ல வசதி. ஆனால் கலக்கும்போது 8 செயலிச் சர்வர் 2 செயலிச் சர்வருக்கு நான்கு மடங்கு என்ற எடையையும் எழுத வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கருவிக்கும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பயில்வானுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே எடை மூட்டையைத் தூக்கி வைத்துவிடும்.

ஒரு கணக்கு

தேர்வு முடிவுக்கே திரும்புவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் என் கற்பனை, வழி உண்மையானது.

சாதாரண நாளில் நிமிடத்துக்கு 600 பேர் வருகிறார்கள். முடிவு வெளியாகும் காலை 9 மணிக்கு நிமிடத்துக்கு 60,000 பேர். 2 செயலிச் சர்வர் நிமிடத்துக்கு 500 பேரைக் கவனிக்கும். 8 செயலிச் சர்வர் 2,000 பேரை. 32 செயலிச் சர்வர் 8,000 பேரை. மதிப்பெண்கள் எல்லாம் பின்னால் ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன. அது ஒரே நேரத்தில் 1,000 இணைப்புகளைத்தான் தாங்கும். ஒவ்வொரு சர்வரும், சிறிதோ பெரிதோ, 20 இணைப்புகளைப் பிடித்துக்கொள்கிறது.

சிறிய ரகமென்றால் 120 சர்வர் வேண்டும், இணைப்புகள் 2,400. முடியாது. பெரிய ரகமென்றால் 8 போதும். ஆனால் ஒன்று படுத்துவிட்டால் மிஞ்சும் 7, 56,000 பேரைத்தான் தாங்கும். காப்புக்கு ஒன்றைக் கூட்டி 9 வைக்கலாம். ஆனால் சாதாரண இரவில்கூட, ஒன்று பழுதானால் மற்றொன்று வேண்டுமே என்று இரண்டையாவது ஓடவிட வேண்டும். 600 பேருக்காக 64 செயலிகள் விழித்திருக்கும். நடு ரகத்தில் 30 சர்வர், 600 இணைப்பு. இரவில் இரண்டு போதும்; 16 செயலிதான். நான் நடு ரகத்தையே எடுப்பேன்.

மேல்வரம்பு எவ்வளவு? 1,000-ஐ 20-ஆல் வகுத்தால் 50. மதிப்பெண்களைச் சரிபார்க்கும் அலுவலர்களுக்கும் தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கும் வேலைக்கும் நூறு இணைப்பை விட்டு வைத்து, 45 என்று எழுதுவேன். பொறுமையிழந்து திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்துவோரும் இருப்பார்கள் அல்லவா? 45 சர்வர் 90,000 பேர் வரை தாங்கும். கீழ்வரம்பை மட்டும் அன்று காலை 8.30-க்கே 2-இலிருந்து 32-க்கு உயர்த்திவிடுவேன். 9 மணிக்குக் கூட்டம் வரும் என்று ஊருக்கே தெரிந்திருக்கும்போது, பளு ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு சேர்த்து, அது தயாராகும் வரை நிமிடக் கணக்கில் காத்திருப்பது எதற்கு? முதல் மூன்று நிமிடத்தில்தானே எல்லாரும் அழுத்துகிறார்கள். நண்பகலுக்குப் பிறகு கீழ்வரம்பை மறுபடி 2 ஆக்கிவிடலாம்.

45 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே “தரவுத்தளம் 1,000 இணைப்பு; சர்வர் ஒன்றுக்கு 20” என்று ஒரு வரி எழுதி வைப்பேன். அடுத்த ஆண்டு வேறொருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து, கூட்டம் கூடுமே என்று நல்லெண்ணத்தோடு 45-ஐ 60 ஆக்கக்கூடும். அப்போது முதல் ஐம்பது சர்வர்கள் எல்லா இணைப்புகளையும் எடுத்துக்கொள்ள, மீதிப் பத்தும் மதிப்பெண்ணை எட்ட முடியாமல் வெறுங்கையோடு நிற்கும். ஆனால் வேலையைப் பிரிக்கும் கருவி அவற்றுக்கும் சம பங்கு அனுப்பும். ஆறு மாணவரில் ஒருவருக்கு அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சர்வர் ஒன்று 20-க்குப் பதில் 5 இணைப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன விடை மாறும். எந்த ரகம், கீழ்வரம்பு எவ்வளவு, மேல்வரம்பு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.